ஆளுநரைத் தராசில் வைத்தவர்

முதலில் நான் நம்பிய மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு மாநிலத்தின் ஆளுநர் அமெரிக்க ஜனாதிபதியாக வருவார், வந்து கதிரையில் குந்திய கையோடு கனடாவில், ஏரிக்கு இந்தப் பக்கம், பிக்கரிங்கில் உள்ள என் வீட்டைப் பறிப்பார் என்று நம்பினேன்.

சிரிக்காதீர்கள். அதற்கு ஒரு கணக்கு இருந்தது. எல்லையை இறுக்கிப் பூட்டுவேன் என்று அவர் மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் ட்ரக் ஓடுகிறவன். இங்கிருந்து கார் உதிரிப்பாகங்களை ஏற்றிப்போய் அவருடைய மாநிலத்தில் இறக்கிவிட்டு வருவதுதான் என் பிழைப்பு. எல்லை பூட்டினால் ட்ரக் நிற்கும். ட்ரக் நின்றால் மோட்கேஜ், வீட்டுக்கடன் தவணை, நிற்கும். மோட்கேஜ் நின்றால் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மார்க்கம் நகரில் உள்ள தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த வீட்டில் எனக்கு வரவேற்புக் குறைவு. இவ்வளவையும் ஒரேயொரு பேச்சைக் கேட்டு, கையிலிருந்த கோப்பி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். எல்லை அதிகாரிக்குச் சந்தேகம் வராதபடி 'குட்மோனிங் சேர்' சொல்வதற்குக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன்.

"உள்ளுக்க ஆரோட கதைக்கிறியள்?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

"பல்லுத் தீட்டுறன்."

"பல்லுக்கு ஏன் சேர் போடுறியள்?"

இந்தப் பயத்தைக் கொண்டுபோய் இறக்குவதற்கு எனக்கு ஓர் இடம் இருந்தது. ஸ்காபரோவில் ஒரு தமிழ் மீன்கடை. அங்கே தராசடியில் நின்ற மனிதரை எல்லோரும் அண்ணை என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். பெயர் தெரியும், எழுதவில்லை. எழுதினால் கோபிப்பார் என்பதற்காக அல்ல. அந்தப் பெயர் எழுத்தில் ஏறிய இடங்களிலெல்லாம் அவருக்கு நல்லது நடந்ததில்லை.

அமெரிக்க அரசியலை அண்ணை கரைத்துக் குடித்திருந்தார். எந்த மாநிலத்தில் எவர் ஆளுநர், எவருக்கு ஜனாதிபதிக் கனவு, எவர் யாரோடு கோபம், எல்லாம் விரல் நுனியில். சிலருக்குக் கிரிக்கெட், அண்ணைக்குக் கவர்னர்கள் என்று நினைத்தேன். அதுவும் மடத்தனம்தான். அண்ணையின் ஒரே மகன் அந்த ஆளுநரின் மாநிலத்தில் இருந்தான். அகதி மனுக் கொடுத்துவிட்டு, விசாரணைக்குக் காத்துக்கொண்டு, ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். தான் ஜனாதிபதியானால் அப்படிக் காத்திருக்கும் அத்தனை பேரையும் பிளேனில் ஏற்றுவேன் என்று சொல்லித்தான் அந்த ஆளுநர் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். நான் என் வீட்டை நினைத்து நடுங்கினேன். அண்ணை மகனை நினைத்து, நடுங்காமல், ஆளுநரை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்துப் பார்ப்பதுதான் அந்த மனிதர். வேறு எதைச் சொன்னாலும் அது அவருடைய உடுப்பைச் சொல்வதுபோலத்தான். உயரம். பெட்டி தூக்கித் தூக்கி இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கடைக்குள் குளிர் என்பதால் ஆடி மாதத்திலும் கம்பளித் தொப்பி. ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் துடைப்பார். சுண்டுவிரலுக்கு வரும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும்.

மன்னாரில் ஒரு சம்மாட்டியாரிடம், பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரிடம், மீன் நிறுத்து அனுப்பும் வேலை பார்த்தவர் என்று கடையில் மீன் வெட்டும் அன்ரி சொன்னா. மீன்பெட்டி ஐஸோடு வரும். ஐஸைக் கழித்தால்தான் மீன். கனடாவுக்கு வந்த பிறகு அண்ணை அதே வேலையை மனிதர்கள் மேல் பார்க்கத் தொடங்கினார். எவர் என்ன செய்தி கொண்டுவந்தாலும் அவருடைய முதல் வார்த்தை ஒன்றுதான்:

"ஐஸைக் கழிச்சுச் சொல்லு."

ஒருமுறை பெரிய பனிப்புயல் வருகிறது என்று வானொலி கத்திக்கொண்டிருக்க, நான் கடைக்குள் ஓடினேன்.

"அண்ணை, ரொறொன்ரோ முழுக்க மூடப்போறாங்கள். ஒரு மாசத்துக்குக் காணக்கூடியமாதிரி மீன் தாங்கோ."

"வீட்டில எத்தினை பேர்?"

"நாலு."

"பிறிட்ஜ்?"

"ஒண்டு."

"பயத்தை எங்க வைச்சிருக்கிறாய்?"

"பேஸ்மென்ட் முழுக்க அதுதான், அண்ணை."

"அப்ப மீன் வைக்க இடமில்லை" என்று அரைக்கிலோ சூடை மீனை நிறுத்துத் தந்து அனுப்பிவிட்டார். புயல் பின்னேரம் மழையாகப் பெய்து போனது. அன்று மீன்குழம்பு நன்றாக இருந்தது.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் தெரிவிலும் அப்படித்தான். ஒருவர் மண்டபம் அதிரப் பேசினார். அவர்தான் வருவார் என்று அண்ணையிடம் சத்தியம் செய்தேன். அண்ணை பேச்சைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"கூட்டத்துக்கு முதல் ஆரின்ர பேஸ்மென்டில சாப்பாடு நடந்தது?"

"எங்கட மச்சான்ர."

"ஆர் வரேல்லை?"

யோசித்துப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னேன்.

"அவர் ஆரோட கோவமோ அவன் தோப்பான். கூட்டத்தில தெரிவு நடக்கிறேல்லை, தம்பி. கூட்டத்தில கைதான் தூக்கிறது."

அப்படியே நடந்தது.

எல்லாமே பலித்தது என்று நினைக்கவேண்டாம். அண்ணை கத்தோலிக்கர். அவர்களுடைய கோயில் பங்குச்சபைக்கு ஒருவர் வரவே மாட்டார் என்றார். அந்த ஆள் வந்ததோடு நில்லாமல், ஞாயிறு பூசை நேரத்தில் கார்களுக்கு இடம் காட்டும் வேலையை அண்ணையிடமே கொடுத்தார். ஒரு குளிர்காலம் முழுக்க அண்ணை பனிக்குள் நின்று கைகாட்டினார். "ஆளைச் சரியாத்தான் நிறுத்தனான். மனிசியை மறந்துபோனன்" என்றார். அவருடைய தராசில் அன்றிலிருந்து மனைவிமாருக்கும் ஒரு தட்டு இருந்தது.

மகனைப் போய்ப் பார்க்கலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன். அண்ணை கனடியப் பிரசை. அதை எடுத்தபோது மகனுக்கு வயது ஏறிவிட்டது, அதனால் கூப்பிட முடியவில்லை. அதற்குள் தாயும் மன்னாரில் காலமாகிவிட்டா. அவன் சுற்றி வளைத்து அமெரிக்கா வரை வந்து அங்கேயே நின்றுவிட்டான். பஸ் ஏறினால் ஒரு பகல் பயணம்தான்.

"போனனான்" என்றார் அண்ணை. "போடர்க்காரன் ஆரைப் பாக்கப் போறாய் எண்டு கேட்டவன்."

"மகனை எண்டு சொல்லுறதுதானே?"

"சொன்னா எங்க இருக்கிறான் எண்டு கேப்பான்."

"அண்ணை, மனுப் போட்ட நேரமே அவங்களிட்ட விலாசம் இருக்குமே!"

"இருக்கும். நான் குடுத்ததா இருக்கக்கூடாது."

 நான் போகவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாராம். மகனுக்கென்று கட்டிக்கொண்டு போன புட்டையும் பொரித்த மீனையும் இந்தப் பக்கத்தில் ஒரு பார்க் வாங்கில் குந்தித் தானே சாப்பிட்டிருக்கிறார். "பழுதாப் போயிடும் தானே" என்றார். எனக்கு ஒரு பகிடி விடத் தோன்றியது. விடவில்லை. எனக்கு அது அபூர்வம்.

ஆகவே ஏரிக்கு அந்தப் பக்கத்தில் அண்ணைக்குக் கண் நான்தான். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கடைக்குப் போய்ச் சொல்லவேண்டும். வீட்டு முற்றங்களில் ஆளுநரின் பெயர் எழுதிய பலகைகள் எத்தனை, ட்ரக் நிறுத்துமிடங்களில் என்ன பேசுகிறார்கள், ரோட்டில் பள்ளம் மூடியிருக்கிறதா. நான் பயந்தவன், எனக்குப் பலகைகளாகவே தெரியும். "அண்ணை, வழி முழுக்க அவன்ர பேர்தான்" என்பேன். "காகம் கலைக்க வெருட்டி கட்டின தோட்டத்திலயும் உனக்கு அவன்தான் நிண்டிருப்பான்" என்பார்.

ஒரு புரட்டாதி மாதம், நான் சாமான் இறக்கிய ஊரிலேயே ஆளுநரின் கூட்டம். களியாட்டம் நடக்கும் ஒரு பெரிய புல்வெளி. அண்ணையின் கட்டளை, நான் போய்ப் பார்க்கவேண்டும். உள்ளே நுழைந்தபோது அத்தனை பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைக்கார மூதாட்டி மட்டும் வெயில் சுடுகிறதே மகனே என்று ஆளுநரின் பெயர் போட்ட தொப்பி ஒன்றை என் தலையில் வைத்தா. மறுக்கப் பயந்து போட்டுக்கொண்டேன். என் வீட்டைப் பறிக்கப்போகிறவரின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு, அவருக்கு மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே கைதட்டினேன். திரும்பும்போது, எல்லைக்கு முன்னால் அந்தத் தொப்பியைக் கழற்றி சீட்டுக்கடியில் ஒளித்தேன். கழற்றியபிறகு, அதைப் போட்டுக்கொண்டிருப்பதுதான் பாதுகாப்போ என்று ஒரு யோசனை. திரும்பப் போட்டேன். இந்தப் பக்கத்தில் கேள்வி கேட்பவர்கள் கனடாக்காரர்கள் என்பது ஞாபகம் வர மறுபடி கழற்றினேன்.

"பெரிய சனம் அண்ணை. கடல்."

"ஐஸைக் கழி."

"சரி, குளம்."

"கழி."

"ஒரு கலியாண மண்டபம் நிரம்பும்."

அண்ணை விரல் துடைக்கத் தொடங்கினார். "தனக்கு முன்னம் கதைச்சவன்ர பேரைச் சொன்னவனோ?"

"இல்லை."

"மனிசி எங்க நிண்டவ?"

"பின்னுக்கு. ஃபோனைப் பாத்துக்கொண்டு."

"சனம் பேச்சு முடியும் வரைக்கும் நிண்டதோ?"

"ஒரு பக்கத்தில சும்மா சோளம் சுட்டுக் குடுத்தவங்கள். சோளம் முடியப் பாதிச்சனம் போட்டுது."

அண்ணை சுண்டுவிரலைத் துடைத்து முடித்தார். "உவன் தன்ர மாநிலத்தில ராசா. ஏன் சொல்லு? அங்க உவனைப் பிடிக்காதவனுக்கும் வேற போக்கில்லை. வெளியில வந்தா, ஆக்கள் விரும்பி வரவேணும். உவனிட்ட விரும்பி ஒருத்தரும் வரேல்லை, பயந்தவன்தான் வாறான். பயந்தவன் கைதட்டுவான், கத்துவான். மழை பெஞ்சா வீட்டில நிண்டிடுவான்."

"நானும் பயந்தவன்தான் அண்ணை. புயலுக்கும் மீன் வாங்க வந்தனான்."

"நீ வேற சாதிப் பயந்தவன்" என்றார். மீன் வெட்டும் அன்ரி கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தா.

அடுத்த மாதம், ஒரு ஞாயிறு, கோயில் கார் தரிப்பிடத்தில் அண்ணையின் காருக்குள் இருந்தோம். நான் சைவக்காரன், அங்கே போனது பூசைக்கு அல்ல, பயணச் செய்தி சொல்ல. மகன் அழைத்தான். அண்ணை எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

அவனோடு குசினியில் வேலை செய்யும் இரண்டு பேர், பனி விழமுதல், வயல்வழியால் நடந்து கனடாப் பக்கம் வரப்போகிறார்கள். எல்லை வரை போக ஒரு வான் வண்டி ஒழுங்கு செய்தாயிற்று. அவனுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அடுத்த நாள் வெளிக்கிடவேண்டும். பிடிபட்டால் இருக்கிற வழக்கும் போய்விடும்.

"கவனர் வந்தா எல்லாரையும் ஏத்துவானாம் எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லினம். நிக்கவோ, வரவோ அப்பா?"

"வரச் சொல்லுங்கோ அண்ணை!" என்று நான் கத்தினேன். "நான் ட்ரக்கில ஏத்திக்கொண்டு வாறன்!"

  சொன்ன கையோடு, என் வாயிலிருந்து வந்ததை எப்படித் திரும்ப விழுங்குவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை என் கையை ஒருமுறை தட்டினார்.

"தம்பி, நீ ஒளிக்க ஒண்டுமில்லாமப் போகேக்கயே நடுங்கிறனி. உன்ர முகத்தைப் பாத்தே ட்ரக்கைக் கழட்டிப் பாப்பாங்கள்."

அவமானம்தான். ஆனால் அதைவிட ஆறுதலான ஒரு வார்த்தையை எனக்கு எவரும் சொன்னதில்லை.

பிறகு அண்ணை கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கோயில் முடிந்து சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. துடைப்பதற்குப் பேப்பர் இல்லை. விரல்களைக் காற்சட்டையில் துடைத்தார்.

"நில். உவன் வரமாட்டான். உன்ர வழக்கில ஞாயம் இருக்கு. நிண்டு வழக்கைப் பேசு."

"நிச்சயமோ அப்பா?"

அண்ணை நிச்சயம் என்று எதையும் சொன்னதில்லை. நாளைக்கு ஞாயிறா திங்களா என்று கேட்டாலும் "பாப்பம்" என்பவர்.

"ஓம்" என்றார்.

அந்த வான் வண்டி மகனை ஏற்றாமலே போனது. போனவர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆளுநர் விலகினார். கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் வாக்கெடுப்பில் பாதிக்குமேல் மாநிலங்கள் இன்னும் வாக்களிக்கவே இல்லை; அதற்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தாளை வாசித்து, குடும்பத்தோடு நேரம் செலவிடப்போவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் அப்போது அவருடைய மாநிலத்திலேயே ட்ரக் ஓடிக்கொண்டிருந்தேன். வானொலியில் கேட்டதும் ஓரம் கட்டி நிறுத்தி, இறங்கி, பனிக்குள் நின்று ஊளையிட்டேன். என் வீடு, என் மோட்கேஜ், எல்லாம் தப்பின. அண்ணைக்கு அழைத்தேன்.

"வெண்டிட்டம் அண்ணை! நீங்கள் சொன்னபடியே!"

"மீன் வந்து இறங்குது. வேலை கிடக்கு" என்று வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் கடையில் நடந்ததை அன்ரி சொன்னா. நிறுத்து முடித்த ஒவ்வொரு பையிலும் அண்ணை மேலதிகமாக ஒரு மீனைப் போட்டாராம். முதலாளி பார்த்துக்கொண்டு நிற்கவே போட்டாராம். 

வழக்கு வசந்தத்தில் வந்தது. தீர்ப்பு வந்த அன்று, சட்டத்தரணி சொல்வதை விளங்கிச் சொல்வதற்கு என் மகளைக் கூட்டிவரச் சொன்னார் அண்ணை. அவள் இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கடையின் பின்னறையில், உப்புச்சாக்குகளுக்குப் பக்கத்தில், நாங்கள் மூன்று பேரும் ஃபோனைச் சுற்றி நின்றோம். சட்டத்தரணி நீளமாகப் பேசினார். மகள் கேட்டுக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நிலத்தைப் பார்த்தாள்.

"அங்கிள்... கேஸ் தள்ளுபடியாம். ஜட்ஜ் அவரின்ர ஸ்டோரிக்குள்ளயே போகேல்லையாம். லேட்டா ஃபைல் பண்ணினதாம். வந்து ஒரு வருசத்துக்குள்ள பண்ணியிருக்கவேணுமாம்."

"உது ஆர் போட்ட சட்டம்? அந்தக் கவனரோ?" என்றேன் நான்.

"இல்லை அப்பா. அவருக்கும் உதுக்கும் ஒண்டுமில்லை. நான் பிறக்க முதலே இருக்கு."

சட்டத்தரணி ஏதோ கேட்டார். மகள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். "ஏன் லேட் எண்டு கேக்கிறார், அங்கிள். யாராவது தடுத்ததோ எண்டு."

"நான்" என்றார் அண்ணை.

மகள் என்னைப் பார்த்தாள். நான் உப்புச்சாக்கைப் பார்த்தேன்.

"அவன் வந்து இறங்கினது முந்தின தேர்தல் நேரம். உடன போடாத, ஆர் வாறான் எண்டு பாத்துப் போடுவம் எண்டன். ஒருத்தன் வந்தான். ஆள் எப்பிடி எண்டு கொஞ்சம் பாப்பம் எண்டன். நல்லாத்தான் நிறுத்தனான். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தவன், போடட்டோ அப்பா, போடட்டோ எண்டு." ஃபோனைக் காட்டி, "இதைச் சொல்லு பிள்ளை அவருக்கு. சொன்னா ஏதும் பிரயோசனம் இருக்கோ கேள்" என்றார்.

மகள் கேட்டாள். பிரயோசனம் இல்லை என்றார் சட்டத்தரணி.

மேன்முறையீடு செய்யலாம், வருடக்கணக்கில் இழுக்கும் என்றும் சொன்னார். மகன் "இனிக் காணும் அப்பா, விடுங்கோ" என்று சொல்லிவிட்டான். கோடையில் அவனைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அண்ணை அதற்கு முன்பே மீன்கடை வேலையை விட்டு, ரூஜ் பகுதியில் வாடகைக்கு இருந்த அறையையும் ஒப்படைத்துவிட்டுப் போய், கட்டுநாயக்கா விமான நிலைய வாசலில் நின்றார். இருவரும் மன்னாருக்குப் பஸ்ஸில் போனார்கள். மகன் வழி முழுக்க நித்திரை கொண்டானாம். அண்ணை கனடாவுக்குத் திரும்பி வரவில்லை.